இறங்கியாச்சா?

— விடுங்க! ஏங்க, கைய எடுங்க! மாதாவே... அந்தப் பாத்திரத்த விடுங்கன்னா விடுங்க!

— எதுக்கு இப்படிக் கத்துறே? நழுவுதேன்னு அழுத்திப் பிடிச்சிருக்கேன். வெந்நிய நானே குளிக்கிற ரூமுக்குக் கொண்டு போயிடலாம்னு பாத்தேன்.

— கொதிக்குதுங்க அது! வெறுங்கையில பிடிச்சிருக்கீங்க. கீழ வைங்க. இப்படி நீட்டுங்க. பைப்புக்குக் கீழ காட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது.

— எனக்குத்தான் சுடவே இல்லையே புள்ள.

— சுடலைங்கறதுக்குத்தான் கத்துறேன்! உள்ளங்கை செவந்து போச்சு, விரல்ல கொப்புளம் கிளம்புது, உங்களுக்குச் சுடலையாம். ஆவி பறக்குறது கூடவா தெரியல?

— தெரிஞ்சுது.

— தெரிஞ்சுமா பிடிச்சீங்க?

— டெஸ்டர் வெச்சுப் பாப்போம்ல, அந்த மாதிரி. எட்டு மாசமாச்சு, இன்னைக்காவது விரலுக்குச் சூடு தெரியுதான்னு பாத்தேன். லைட்டு எரியல. சப்ளை வரல, கேட்டியா.

— சிரிக்காதீங்க. டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. சூடு, கத்தி, கதவு இடுக்கு, எதுன்னாலும் கண்ணால பாத்துட்டுத்தான் கைய வைக்கணும்னு.

— கண்ணால பாக்கச் சொன்னாரு, சரி. கண்ணும் பனி பேஞ்ச மாதிரில்ல இருக்கு? முப்பத்தஞ்சு வயசுல புரை. எங்க அப்பாவுக்கே எழுபதுலதான் வந்துச்சு. கரண்டு அடிச்சா ஆறு மாசம் கழிச்சுக் கண்ணுல புரை விழும்னு ஐடிஐ-ல ஒரு வாத்தியாரும் எனக்குச் சொல்லல.

— அடுத்த மாசம் ஆபரேஷன் பண்ணிட்டா தெளிஞ்சுடும். தொடச்சு விடுறேன், ஆடாம இருங்க. மருந்து போடணும்.

— போடு, போடு. மருந்து போடும்போது மட்டும்தான் நீ என்னையத் தொடுறே.

— மணி ஒம்பதரை ஆகப் போகுது. பதினோரு மணிக்கு மில்லுல விசாரணை. ஃபாரிஸ் தம்பி ஆட்டோவ எடுத்துட்டுப் பத்து மணிக்கெல்லாம் வந்துடும்.

— நான் என்ன சொன்னேன், நீ என்ன சொல்றே?

— எனக்குக் காது கேக்குது.

— எனக்குத்தான் கேக்கல. இடது காதுக்குள்ள ராவும் பகலும் டிரான்ஸ்பார்மர் ஓடுது. முக்கியமானதச் சொல்றதா இருந்தா வலது பக்கம் வந்து சொல்லு.

— முக்கியமானதுதான் கேக்குறேன். மில்லுல போயி என்ன சொல்லப் போறீங்க?

— வாயால சொல்ல என்ன இருக்கு? டைப் அடிச்சுக் கவர்ல போட்டு ஒட்டியாச்சு. அந்த அலமாரி மேல இருக்கு பாரு. ஆபீசர் முன்னாடி பிரிச்சுக் கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது.

— சோலையண்ணன் பேரு அதுல இருக்கா?

— இருக்கு.

— ஏங்க, வேணாங்க. அவரு ஒங்க சேக்காளி. ரெண்டு பேரும் பத்து வருஷமா ஒரே தூக்குல இருந்து சாப்பிட்டவங்க. நான் குடுத்து விடுற வெஞ்சனத்துல பாதிய அவருதானே தின்பாரு!

— புளிக்கொழம்பு வெச்சா மட்டும் முழுசும் எனக்குத் தள்ளிருவான். கள்ளப்பய.

— பாத்தீங்களா, சிரிப்பு வருது. பெறகு ஏன் அவரு வந்தா கதவத் தொறக்கக் கூடாதுன்னீங்க? நாலு தடவ வந்துட்டுத் திரும்பிப் போனாரு. வாசல்ல நின்னு செருப்பப் போட்டுக்கிட்டே எங்கிட்ட, "தூங்குறானாம்மா?"ன்னு கேட்டாரு. நீங்க முழிச்சிருந்தது அவருக்குத் தெரியாமயா இருக்கும்?

— அவன் மொகத்துல முழிக்க முடியாது ஜெஸ்ஸி என்னால.

— சுவிட்ச் போட்டதும் அவருதான், சரி. ஓடி வந்து ஒங்க நெஞ்ச அமுக்கி உசுரக் கொண்டாந்ததும் அவருதானே? நின்ன மூச்ச வர வெச்சவரு.

— ரெண்டு விலா எலும்ப ஒடச்சவனும் அவன்தான்.

— ஒடஞ்சாத்தான் சரியா அமுக்கியிருக்காருன்னு அர்த்தமாம். டாக்டரே சொன்னாரு. பஞ்சு மூட்டை மேல விழுந்ததால மண்டை பொழச்சுது, அவரு கைய எடுக்காம அமுக்குனதால நெஞ்சு பொழச்சுது. பதினோராயிரம் வோல்ட்டு வாங்குனவன் எந்திரிச்சு நடக்குறதுன்னா சும்மாவான்னு ஆஸ்பத்திரியே வந்து எட்டிப் பாத்துச்சு.

— எட்டிப் பாத்தவங்களுக்கு என்ன தெரிஞ்சுது? உள்ளங்கையில ஒரு ஓட்டை, குதிகால்ல ஒரு ஓட்டை. "கரண்டு ஏறுன இடம் இது, இறங்குன இடம் அது"ன்னு டாக்டர் குச்சிய வெச்சுப் படிக்கிற புள்ளைகளுக்குக் காட்டுனாரு. "வெளிய பாத்தா இம்புட்டுத்தான், நடுவுல வெந்து போனதுதான் ஜாஸ்தி"ன்னாரு. அன்னைக்கு ராத்திரிதான் ஒண்ணுக்குக் கடுங்காப்பி நெறத்துல போச்சு. நாலாம் நாள் இடது கைய முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்க.

— போதும். அத இப்ப ஏன் பேசணும்?

— நீதானே ஆரம்பிச்சே? அவனுக்காக நீ இம்புட்டுப் பரிஞ்சு பேசுறியே, அதான் எனக்கு விளங்கல.

— என்ன சொல்ல வாரீங்க?

— ஒண்ணும் சொல்லல. கேக்குறேன்.

— அப்படி ஒரு கேள்விய இன்னொரு தடவ கேட்டீங்கன்னா வெந்நிய நானே ஒங்க தலையில ஊத்துவேன். அவரு மேல கேஸு. வேலையும் இல்ல. அவரு சம்சாரம் பொன்னழகு மதினி நாகல் நகர் கடையில என்னையப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. இன்னைக்கு நீங்க போயி, "அந்த மெசேஜ நான் அனுப்பல"ன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா அவரு ஜெயிலுக்குத்தான் போகணும். அதுக்குத்தான் பேசுறேன்.

— அவன் போன்ல அந்த மெசேஜ் இருக்கே. எல்லாரும் பாத்தாங்க. என் நம்பர்ல இருந்து போயிருக்கு. ஒத்த வார்த்தை. "இறங்கியாச்சு."

— அப்ப அவரு சொல்றது பொய் இல்லையே?

— பொய்னு யாரு சொன்னா? அவன் கேட்டிருக்கான், பதில் வந்திருக்கு, சுவிட்சத் தள்ளிட்டான். கம்பத்து மேல நிக்கிறவன் எப்படி "இறங்கியாச்சு"ன்னு அனுப்புவான்? அதான் விசாரணை. நான் அனுப்பியிருந்தா தப்பு என்னோடது. நான் அனுப்பலைன்னா, கண்ணால பாக்காம லைன்ல சப்ளை விட்ட தப்பு அவனோடது.

— சீட்டு ஒண்ணு இருக்கும்ல? கையெழுத்துப் போடுற சீட்டு?

— இருக்கு, லைன் கிளியர் சீட்டு. ஏறுறதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்து, இறங்கி வந்து ஒரு கையெழுத்து. சீட்டு கைக்கு வந்தப்புறம்தான் சுவிட்சத் தொடணும். ரெண்டாவது யூனிட் லைனுக்கும் சுவிட்ச் ரூமுக்கும் அரை கிலோமீட்டர். வெயில்ல யாரு நடக்குறது? மில்லு சத்தத்துல போன்லயும் பேச முடியாது. அவன் "இறங்கியாச்சா"ம்பான், நான் "இறங்கியாச்சு"ம்பேன். ஏழெட்டு வருஷமா அந்த ஒத்த வார்த்தையிலதான் என் உசுரு ஓடுச்சு.

— அன்னைக்கு நடந்தது... இன்னும் ஞாபகம் வரலையா?

— காலையில நீ சேலை கட்டுனே. குனிஞ்சு மடிப்புப் பிடிச்சு விட்டேன். "ஒழுங்கா பிடிங்க, கம்பி இழுக்குற மாதிரி இழுக்காதீங்க"ன்னு திட்டுனே. அம்புட்டுத்தான். அடுத்தது ஆஸ்பத்திரி மோட்டுவளையில சுத்துன ஃபேனு.

— நடுவுல ஒண்ணுமே இல்லையா?

— ஃபியூஸ் போன மாதிரி ஒரே இருட்டு. என் போன் இருந்திருந்தாலாச்சும் பாத்திருக்கலாம். அதுவும் சட்டப் பாக்கெட்டுலயே கருகிப் போச்சு. அன்னைக்குப் பாத்து உன் போனும் பஸ்ல தொலஞ்சு போச்சு.

— ஆமா. தொலஞ்சு போச்சு.

— ஒரே நாள்ல ரெண்டு போனு.

— நேரம் சரியில்ல. சட்டைக்குள்ள கைய விடுங்க. பொத்தான் நான் போடுறேன்.

— ஜெஸ்ஸி.

— ம்.

— இல்லாத கை இப்பக் கிடந்து அரிக்குது.

— இடது கையா? சொறிஞ்சு விடவும் முடியாதே.

— அதுல பாரு வேடிக்கைய. இருக்கிற கைக்குக் கொதிக்கிற வெந்நி தெரியல. இல்லாத கைக்கு எல்லாம் தெரியுது. கை போன சேதி இன்னும் மூளைக்குப் போகலையாம். சில நாளு அஞ்சு விரலும் மடங்கி, எதையோ இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கும். வலி உசுரு போகும். சில நாளு...

— சில நாளு?

— உன் முடி தெரியும். தலைக்கு ஊத்திட்டு ஈரமா விரிச்சுப் போட்டிருப்பேல்ல, அந்த முடி. விரல் நடுவுல ஓடுற மாதிரி சில்லுனு இருக்கும். கண்ணத் தொறந்தா நீ அந்தச் சொவத்தோரம் பாய விரிச்சு, அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்திருப்பே.

— தூக்கத்துல ஒங்க உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. பட்டுடக் கூடாதுன்னுதான் தள்ளிப் படுக்குறேன்.

— மொத மாசம் அதச் சொன்னே. நம்புனேன்.

— நெசம்தான்.

— எட்டு மாசம் புள்ள. நான் கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு. தொடையில தோலு எடுத்து நெஞ்சுல ஒட்டுன எடம் மீனு செதில் மாதிரி இருக்குன்னு நர்சம்மா பேசிக்கிட்டது கேட்டுச்சு. தொட்டுப் பாத்தா எனக்குத் தெரியல. கண்ணாடியில பாத்தா மங்கலா இருக்கு. எப்படி இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். பாக்க அருவருப்பா இருக்கா?

— சீ! என்ன பேச்சு இது! இன்னொரு தடவ அந்த வார்த்தையச் சொல்லாதீங்க.

— பெறகு என்ன?

— ஒங்களத் தொடுற யோக்கியத எனக்கு இல்ல.

— இது என்ன புது வசனம்?

— ஒண்ணுமில்ல. காலர நிமுத்துங்க.

— முன்னெல்லாம் நீ பஸ்ல எங்க போனாலும் கேட்டுக்கிட்டே இருப்பேன், ஞாபகம் இருக்கா? "ஏறியாச்சா?" "எடம் கிடைச்சுதா?" "இறங்கியாச்சா?" என் போன்ல சார்ஜ் இல்லாட்டி எவன் போனையாச்சும் பிடுங்கிக் கேப்பேன். "பொண்டாட்டிகிட்டயும் லைன் கிளியர் கேக்குறான் பாரு"ன்னு மில்லே சிரிக்கும். நீ ஒரு தடவகூடச் சலிச்சுக்கிட்டது இல்ல. ஒரு காலு தரையில பட்ட உடனே பதில் அனுப்பிருவே.

— இப்ப எதுக்குங்க அதெல்லாம்?

— எட்டு மாசமா நீ பஸ்லயே ஏறல. நிலக்கோட்டையில நான்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம் வெச்சாங்க. கூடப்பொறந்த தங்கச்சி. அதுக்கும் போகல. "இறங்கியாச்சா"ன்னு கேக்க எனக்கு யாரு இருக்கா? கையில வெந்நிய ஊத்திக்கிட்டாலும் பரவால்ல, அத ஒரு தடவ கேக்கணும் போல இருக்கு.

— சகாயண்ணே! ஜெஸ்ஸிக்கா! வண்டி வந்துருச்சு. இப்பக் கிளம்புனா நிதானமாப் போகலாம்ண்ணே.

— ஃபாரிஸ் தம்பி, செத்த நேரம் இருப்பா.

— இருக்கேன்க்கா. அட, கையில என்னண்ணே கட்டு?

— வெந்நிப் பாத்திரத்தப் பிடிச்சுட்டேன்.

— இருக்கிறதே ஒரு கை. அதையும் அவிச்சுட்டா பெறகு எப்படிண்ணே கையெழுத்துப் போடுவீங்க? கட்டை வெரல மட்டுமாச்சும் பத்திரமா வைங்க. அந்தக் கவர மறந்துடாதீங்க. பாஸிலா ராத்திரி பூரா தூங்கல. "நல்லா யோசிச்சுத்தான் கையெழுத்துப் போடப் போறாரான்னு ஒரு தடவ கேளுங்க"ன்னு காலையிலயும் சொல்லி அனுப்புச்சு.

— உன் பொண்டாட்டிய டைப் அடிக்கத்தான் சொன்னேன். யோசிக்கவா சொன்னேன்? போயி வண்டியில இரு. வாரோம்.

— சரிண்ணே. நான் என்னத்தக் கண்டேன். ஆரன் அடிக்கிறேன், வாங்க.

— ஏங்க, பாஸிலா ஏன் அப்படிக் கேட்டா? அம்புட்டு மோசமா என்ன எழுதியிருக்கீங்க?

— அங்க போனாத் தெரியும். கவர எடு.

— எடுக்க மாட்டேன்.

— ஜெஸ்ஸி, வாசல மறிக்காத.

— மறிப்பேன். நீங்க போகக் கூடாது. அவரு பேர எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு நீங்க திரும்பி வந்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.

— அவனுக்காகவா?

— எனக்காக! ஒங்களுக்கு எந்தக் காது நல்லாக் கேக்கும்?

— வலது.

— இந்தப் பக்கம் திரும்புங்க. ஒரு தடவதான் சொல்லுவேன். ரெண்டாவது தடவ சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. இருங்க, அந்த அரிசி டின்ன எடுத்துக்கிறேன்.

— அரிசி டின்னா? இப்ப எதுக்கு?

— இந்தாங்க. கையில வெச்சா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாது. கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போயிப் பாருங்க.

— போனு.

— ஒங்க போனு.

— என் போனு என்னோடயே கருகிப் போச்சு.

— கருகுனது என்னோடது. ரெண்டும் ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்குனது. ரெண்டும் கருப்பு. அன்னைக்குக் காலையில ரெண்டும் அலமாரி மேல பக்கத்துல பக்கத்துல கிடந்துச்சு. அவசரத்துல என்னோடத நீங்க எடுத்துட்டீங்க, ஒங்களோடத நான் எடுத்துட்டேன். சின்னாளபட்டி தாண்டுனப்புறம்தான் பாத்தேன்.

— ம்.

— நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. ஒரு காலு படியில, ஒரு காலு தரையில. சோலையண்ணன் நம்பர்ல இருந்து வந்துச்சு. "இறங்கியாச்சா?" போனு மாறிப் போனதப் பாத்துட்டு, நீங்கதான் அவரு போன வாங்கி என்னையக் கேக்குறீங்கன்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டே அடிச்சேங்க. மாதாமேல சத்தியமா, சிரிச்சுக்கிட்டே அடிச்சேன். "இறங்கியாச்சு."

— ஜெஸ்ஸி...

— இறங்குனது நானு. கரண்டு இறங்குனது ஒங்க ஒடம்புல. நான்சி வீட்டு வாசல்ல செருப்பக் கூடக் கழட்டல, சேதி வந்துருச்சு. ஆஸ்பத்திரியில எல்லாரும் கருகுன போனக் காட்டி, "அவரு போனு"ன்னாங்க. நான் வாயத் தொறக்கல. அன்னைக்குத் தொறக்கல, அடுத்த நாளும் தொறக்கல. சோலையண்ணன் வாசல்ல வந்து நின்னப்பவும் தொறக்கல. ஒங்க கட்டப் பிரிக்கிறப்ப எல்லாம் தொண்டை வரைக்கும் வரும். நீங்க "ஸ்ஸ்"னு பல்லக் கடிப்பீங்க. எல்லாத்தையும் முழுங்கிருவேன். இந்தக் கையாலதான அடிச்சேன். இதே கைய வெச்சுக்கிட்டு ஒங்க பக்கத்துல வந்து எப்படிங்க படுப்பேன்?

— அதுக்கா எட்டு மாசம் சொவத்தோரம்?

— திட்டுங்க. அடிங்க. எங்க அம்மா வீட்டுக்குப் போன்னாலும் போயிடறேன். ஆனா சோலையண்ணன் பேர எழுதாதீங்க.

— அந்தக் கவரப் பிரி.

— இப்பவா?

— பிரிச்சுச் சத்தமாப் படி. என் கையப் பிடிச்சுக்கிட்டுப் படி.

— கட்டுப் போட்ட கைங்க அது. வலிக்கும்.

— அதுக்குத்தான் வலிக்காதே. பிடி.

— பிடிச்சிருக்கேன். தெரியுதா?

— தெரியல. பாக்குறேன்ல, போதும். படி.

— "விசாரணை அலுவலர் அவர்களுக்கு, அ. சகாயராஜ் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். சம்பவ நாளன்று நான் மின்கம்பத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தபோது, கவனக்குறைவாக, 'இறங்கியாச்சு' என்ற செய்தியை என் கைபேசியிலிருந்து நானே அனுப்பிவிட்டேன். அதை நம்பி மின்சாரம் கொடுத்த சுவிட்ச் அறைப் பணியாளர் சோலைமலை மீது எந்தக் குற்றமும் இல்லை. நடந்த அனைத்துக்கும் நான் ஒருவனே..." ஏங்க! என்னங்க இது?

— முழுசும் படி.

— படிக்க மாட்டேன். இது பொய்! நீங்க அனுப்பலையே!

— இல்ல.

— இதக் கிழிச்சுப் போடுறேன். நானே வாரேன். போனையும் எடுத்துக்கிட்டு வந்து ஆபீசர் முன்னாடி நானே சொல்றேன். பெறகு சோலையண்ணன் வீட்டுக்குப் போகணும், இன்னைக்கே.

— போவோம். புளிக்கொழம்பு இல்லாத நாளாப் பாத்து அவனச் சாப்பிடவும் கூப்பிடுவோம்.

— வெளையாடாதீங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அன்னைக்கு மடிப்புப் பிடிச்சது வரைக்கும்தான ஞாபகம்னு சொன்னீங்க? டாக்டர்கிட்ட அதைத்தான சொன்னீங்க, போலீஸ்லயும் அதைத்தான சொன்னீங்க? எதுவுமே ஞாபகம் இல்லாதவருக்கு, தான் அனுப்பலைன்னு மட்டும் எப்படித் தெரியும்?

— நீயா சொல்ற வரைக்கும் மறந்தவனாவே இருந்துட்டுப் போறேன்னு இருந்தேன் புள்ள. அன்னைக்குக் கம்பத்து உச்சியில நின்னுக்கிட்டு, "இறங்கியாச்சா"ன்னு உன்னையக் கேக்கத்தான் பாக்கெட்டுல கைய விட்டேன்... கைக்கு வந்தது உன் போனு.